அடுத்தவன் பேரில் ஓர் அர்ச்சனை

சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் அது கையில் தட்டுப்பட்டது. இடது தாடைக்குக் கீழே, கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. வலித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வலிக்காத கட்டிதான் மோசமானது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை ஊரெல்லாம் சொல்லிப் பிழைத்தவன் நான். எண்பதுகளின் நடுவில் நான் ஆயுள் காப்புறுதி முகவர். செம்பவாங் கப்பல் பட்டறையிலிருந்து சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்குவரை, தமிழ் பேசும் யாராவது நிம்மதியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணே, நாளைக்கு நமக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்று ஆரம்பித்து, அவருடைய தேநீரை ஆறவைப்பது என் தொழில்.

"போன மாசம் வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார், பாவம்" என்று நான் குரலைத் தாழ்த்திச் சொல்லிச் சொல்லி பாலிசி விற்ற அத்தனை பேரும் அன்று காலை என் குளியலறைக் கண்ணாடிக்குள் வந்து வரிசையாக நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் நானே இட்டுக்கட்டியவர்கள். அதனால் பயம் ஒன்றும் பாதியாகக் குறைந்துவிடவில்லை.

ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கிளினிக்கில் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஓர் இளம் சீன டாக்டர் ஊசியைக் குத்தி எதையோ உறிஞ்சி எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். "சீரியஸா டாக்டர்?" என்று கேட்டேன். "ரிசல்ட் வரட்டும்" என்றார். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததை வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். நான் உள்ளே போனதிலிருந்து அவர் எதற்குமே சிரிக்கவில்லை, நான் சொன்ன இரண்டு ஜோக்குக்கும்கூட, என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் பயப்பட மாட்டாள். "இன்னொரு தடவை போய்க் கேளுங்க" என்பாள். அதுதான் என் பயம்.

இந்த இடத்தில் எனக்கும் கடவுளுக்கும் அதுவரை இருந்த உறவைச் சொல்லிவிட வேண்டும். உறவே கிடையாது. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பகுத்தறிவுக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் உட்காருவார். எனக்கு வடமொழி வாடையே இல்லாத, ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத ஒரு தூய தமிழ்ப் பெயரை வைத்தார். நான் பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். பின்னால் அம்மாவின் சொந்தக்காரர்கள் நச்சரித்துக் கேட்டபோது, "அன்னைக்கு எனக்கு ஓவர்டைம்" என்று முடித்துக்கொண்டாராம். ஆகவே எனக்கு நட்சத்திரம் கிடையாது, ராசி கிடையாது, ஜாதகமும் கிடையாது. சிலருக்கு அப்பா சொத்தாக ஒரு வீட்டை வைத்துவிட்டுப் போவார், என் அப்பா நாத்திகத்தை வைத்துவிட்டுப் போனார். வாடகை இல்லை, வரி இல்லை, நானும் அதில் ஒரு நாளும் ஒட்டடை அடித்தது கிடையாது. சமையலறை அலமாரியில் மனைவி வைத்திருந்த சாமி படங்களுக்குக் 'கிளை அலுவலகம்' என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்ததோடு என் தத்துவ ஆராய்ச்சி முடிந்தது.

கட்டி வந்ததும் ஆராய்ச்சி மறுபடி ஆரம்பமானது. ஈசூனிலிருந்து தமிழர் கடைவீதியான தேக்காவுக்கு அப்போது பஸ்தான். ரயிலுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள், பஸ் சுற்றிச் சுற்றிப் போகும். யோசிக்கிற மனிதனுக்கு அவ்வளவு நீளமான பயணம் ஆகாது. ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடவுள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நான் கும்பிட்டுவிட்டால் என்ன நஷ்டம்? ஒரு தேங்காய், கொஞ்சம் கற்பூரம். சரி, கடவுள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் கும்பிடாமல் விட்டால் என்ன நஷ்டம்? கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இவ்வளவு சின்ன சந்தாவுக்கு இவ்வளவு பெரிய பாதுகாப்பை எந்த நிறுவனமும் கொடுத்ததில்லை. ஊருக்கெல்லாம் விற்ற என்னிடம் இத்தனை வருஷமாக இந்த ஒரு பாலிசியை யாரும் சரியாக விற்கவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கணக்கைச் சரிபார்க்க, நான் வழக்கமாகப் போகும் சரபத்துக் கடையில், தேநீர் ஆற்றுகிற நானாவிடம் கேட்டேன்.

"நானா, ஒரு சந்தேகம். கடவுள் இருக்காரோ இல்லையோ, எதுக்கும் நம்பி வச்சிட்டா நமக்கு லாபம்தானே?"

நானா ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு ஒரு முழ நீளத்துக்குத் தேநீரை இழுத்தபடியே என்னைப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"என்ன தம்பி, ஆள் கிடைக்கலன்னு அல்லாவுக்கே பாலிசி விக்கக் கிளம்பிட்டீங்களா?"

"சும்மா கேட்டேன் நானா."

"நீங்க சும்மா கேக்கிற ஆளில்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பாதித் தேநீரோடு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த பிரச்சினை, எந்த நிறுவனம் என்பது. சிராங்கூன் சாலையில் அரை மணி நேரம் நடந்தால் அம்மன், பெருமாள், புத்தர், மசூதி, மாதா கோயில் எல்லாம் வந்துவிடும். ஒருவரிடம் எடுத்தால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்களா? எல்லாரிடமும் எடுத்தால், ஒருத்தரையும் நம்பாதவன் என்று எல்லாருமாகச் சேர்ந்து கைவிட்டுவிடுவார்களா? கடைசியில் தொழில்முறைப்படி முடிவு செய்தேன். யாரைப் பகைத்துக்கொண்டால் ஆபத்து அதிகம்? சந்தேகமில்லாமல் அம்மன். எட்டுக் கையிலும் ஆயுதம் வைத்திருப்பவள். அம்மனிடமே எடுப்போம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்த கையோடு, கழுத்துப்பட்டை, முழுக்கைச் சட்டை, தோல் பெட்டி சகிதம் போனேன். சப்பாத்தைக் கழற்றினேன், காலுறையைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. கோயில் தரையை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். அர்ச்சனைச் சீட்டும் தட்டுமாக, ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக்கென்று சத்தம் வர, அம்மனை நோக்கி நடந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் என் வாடிக்கையாளர். கப்பல் பட்டறைக்காரர் ஒருவரின் மனைவி. போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் உட்கார்ந்து முறுக்கைத் தின்றுகொண்டே அவருடைய சாமி பக்தியை நான் கிண்டல் செய்திருந்தேன். அந்த அம்மா எனக்கு நேர் பின்னால் வந்து நின்றுகொண்டார். என் முகத்தை அவர் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் என் பெயர் ஊரில் ஒருத்தனுக்குத்தான் உண்டு. அது வாயிலிருந்து வந்தால், மறுநாள் தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர்வரை செய்தி போய்விடும்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் குருக்கள்.

வாயைத் திறந்தேன். வந்தது என் நண்பனின் பெயர்.

இவன் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவான், திங்கட்கிழமை தவறாமல் புலம்புவான். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டில் ஒரே ஓர் அறையில் குடித்தனம். தெம்பனிஸில் அரசாங்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் வீடு கேட்டுக் குலுக்கலில் ஒவ்வொரு தடவையும் கோட்டை விட்டுக்கொண்டிருந்தான். "கேட்டை நட்சத்திரம்டா நான், எனக்கு எது விளங்கும்?" என்பதுதான் அவனுடைய காலை வணக்கம்.

"நட்சத்திரம்?"

"கேட்டை" என்றேன். உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நட்சத்திரம் அதுதான்.

"கோத்திரம்?"

நான் விழித்தேன். "சரி, சிவ கோத்திரம்னு சொல்லிடறேன்" என்று குருக்களே முடித்து வைத்தார். மணி அடித்தது. கேட்டை நட்சத்திரத்தில் பிறந்த என் நண்பனின் குடும்பம் சகல க்ஷேமங்களோடும் வாழ வேண்டும் என்று அம்மனிடம் தெளிவாக எடுத்துச் சொல்லப்பட்டது. நான் கண்ணை மூடிக் கைகூப்பி, ஈரக் காலோடு நின்றேன். அரைத் தேங்காயைப் பெட்டிக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்து, சப்பாத்துக்குள் காலை நுழைக்கும்போதுதான் உறைத்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஆளின் விவரத்தைத் தவறாகச் சொன்னால் பாலிசி செல்லாது. போதாததற்கு, நோய் வந்த பிறகு அதை மறைத்து எடுத்தாலும் செல்லாது. ஒரே சாயங்காலத்தில், ஒரே தேங்காயில், நான் இரண்டையும் செய்திருந்தேன்.

பரவாயில்லை, எப்படியும் கடவுள் இல்லை, என்று அப்பா வைத்துவிட்டுப் போன அந்தப் பழைய வீட்டுக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளப் பார்த்தேன். வியாழக்கிழமை வரைக்கும் அது பலித்தது. வியாழக்கிழமை மத்தியானம் நண்பன் ஓடிவந்தான். ஓடிவந்தான் என்றால் நிஜமாகவே ஓடி, கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் பறக்க.

"டேய், கிடைச்சிருச்சுடா! தெம்பனிஸ்! மூலை வீடு! லிஃப்ட் நிக்கிற மாடி லா!"

"எப்படிடா?" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல மச்சான். இந்த வாரம் கோயிலுக்குக்கூட இன்னும் போகல. யாரோ என்மேல இரக்கப்பட்டு வேண்டிக்கிட்ட மாதிரி இருக்கு." என்னைக் கட்டிப்பிடித்தான். "கேட்டைக்கு விடிஞ்சிருச்சுடா! ஏண்டா உனக்கு இப்படி வேர்க்குது?"

வேர்க்காமல் என்ன செய்யும்? அதுவரை நான் போட்டது வெறும் கணக்கு. இப்போதுதான், என் வாழ்க்கையில் முதல்முறையாக, மயிர்க்கூச்செறிய, நான் கடவுளை நம்பினேன். அவள் இருக்கிறாள். கேட்டதைக் கொடுக்கிறாள். இரண்டே நாளில் கொடுக்கிறாள். என் கழுத்துக்கு வர வேண்டியது தெம்பனிஸுக்குப் போய்விட்டது.

(பின்னால் அந்த வீட்டில் பால் காய்ச்சினபோது என்னையும் கூப்பிட்டான். ஜன்னலைத் திறந்து காட்டி, "பாரு, காத்து எப்படி வருது" என்றான். நல்ல காற்றுதான். அதில் எனக்குப் பாத்தியதை உண்டு என்பதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.)

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன். இந்தத் தடவை காலுறை இல்லை. கூட்டம் குறையக் காத்திருந்து அதே குருக்களிடம் போய்க் குரலைத் தாழ்த்தினேன். "சாமி, போன வாரம் ஓர் அர்ச்சனை பண்ணினேன். பேரு தப்பாச் சொல்லிட்டேன். அதை மாத்திக்க முடியுமா?"

அவர் இப்படி ஒரு விண்ணப்பத்தைக் கேட்டதே இல்லை போலிருந்தது. "மாத்தறதா?"

"இல்ல, பண்ணினது நான். பேருதான் வேற ஆளுடையது."

"யார் வந்தா, எதுக்கு வந்தான்னு அம்பாளுக்குத் தெரியாதா? நீங்க நகருங்கோ, பின்னாடி ஆள் நிக்கறா."

ஆறுதலாகத்தான் சொன்னார். நாலடி நகர்ந்து தூணோரம் போய் நின்ற பிறகு அந்த ஆறுதல் வேலை செய்ய ஆரம்பித்தது. யார் வந்தது என்று தெரியுமென்றால் நல்லது. எதற்கு வந்தான் என்றும் தெரியுமாமே! பஸ்ஸில் போட்ட கணக்கு, தேங்காய்க்கும் கழுத்துக்கும் போட்ட லாப நஷ்டம், எட்டுக் கை இருக்கிறதென்று அம்மனைத் தேர்ந்தெடுத்தது, எல்லாமே அங்கே பதிவாகியிருக்கும். என்னைக் காப்பாற்றுகிற அளவுக்குச் சக்தி உள்ள சாமிக்கு என் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்கிற சக்தியும் இருக்கும். கண்டுபிடிக்க முடியாத சாமி என்றால் அதனால் கட்டியையும் கரைக்க முடியாது. இதில் லாபம் எங்கே இருக்கிறது? கட்டிக்கு மட்டும் பயந்துகொண்டு உள்ளே வந்தவன், இப்போது கட்டிக்கும் அம்மனுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. "மன்னிச்சுக்கோ தாயே" என்று சொல்லலாம் என்று பார்த்தால், அதுவும் பயத்தில் சொல்வதுதானே என்று அவள் கேட்பாள் போலிருந்தது. எதுவுமே சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் மனைவி என் தோல் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இந்தப் பெட்டிக்குள்ள என்ன செத்துக் கிடக்கு?"

பெட்டியைத் திறக்காமலே ஒரு வாரமாக நான் மறந்து போயிருந்த அரைத் தேங்காய். அழுகி, பாலிசி விளக்கத் தாள்களோடு ஒட்டிக்கொண்டு, ஊர்ப்பட்ட எறும்போடு இருந்தது. அவள் அதை முறத்தில் எடுத்து வைத்தாள். குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. தேங்காயையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போனீங்களா? நீங்களா?" அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "என்னாச்சு உங்களுக்கு?"

சொல்லிவிட்டேன். கட்டி, ஊசி, சிரிக்காத டாக்டர், காலுறை, கேட்டை நட்சத்திரம், தெம்பனிஸ், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் எழுந்து வந்து என் தாடைக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

"ஊர்ல இருக்கிறவன் பேருக்கெல்லாம் அர்ச்சனை பண்ணத் தெரியுது. என்கிட்டச் சொல்லணும்னு தெரியல."

"நீ பயந்துருவேன்னு..."

"பேசாதீங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எனக்கு அதுவே கஷ்டமான நேர்த்திக்கடன். பிறகு கேட்டேன். "நீ தினம் விளக்கு ஏத்துறியே, கேட்டா நடக்கும்னுதானே ஏத்துறே?"

"கேட்டதெல்லாம் நடந்திருந்தா நீங்க எப்பவோ திருந்தியிருக்கணுமே."

"அப்ப எதுக்குத்தான் கும்பிடறே?"

அவள் எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். "காலையில யார்கிட்டயாவது நாலு வார்த்தை பேசணும்ல. நீங்க பேப்பர்ல தலையை விட்டிருப்பீங்க."

முடிவு சொல்லும் நாளில் அவளும் கூட வந்தாள். வரிசையாக நாற்காலிகள், எதிரே எண் மாறிக்கொண்டே வரும் பலகை. எல்லார் கையிலும் ஓர் எண் சீட்டு. எனக்கு முன்னால் இருந்தவர் உள்ளே போய்ச் சீக்கிரம் வெளியே வந்தால் எனக்கு நல்லது என்றும், தாமதமானால் கெட்டது என்றும் ஒரு சகுனம் உண்டாக்கினேன். அவர் தாமதமாக வந்தார். உடனே சகுனத்தை மாற்றிக்கொண்டேன். நம்பிக்கை வந்துவிட்டால் இந்த வசதி உண்டு. மனைவியின் உதடு அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் என் சகுனம், கணக்கு எல்லாம் நின்றுபோயின. எனக்கு ஏதாவது ஆனால் இவள் இந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஈசூனுக்குத் தனியாக பஸ்ஸில் போக வேண்டும் என்பது மட்டும்தான் மனத்தில் நின்றது. இந்த ஒரு காட்சியை நான் எந்த வாடிக்கையாளருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நிறைய விற்றிருக்கும்.

எங்கள் எண் வந்தது.

டாக்டர் தாளைப் பார்த்தார். "கேன்சர் இல்லை" என்றார். வணக்கம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எங்கேயோ சீழ் பிடித்திருக்கிறது, அதனால் வீங்கின நிணநீர்க் கணுதான் இது என்றார். பிறகு விளக்கை இழுத்து, "வாயைத் திறங்க" என்றார். என் வாயை மூடச் சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு, திறக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். உள்ளே எட்டிப் பார்த்ததும், அந்தச் சிரிக்காத மனிதர் புருவத்தை உயர்த்தினார்.

"இந்தக் கடைவாய்ப் பல் எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

நான் வாயைத் திறந்தபடியே மழுப்பினேன். மனைவி பதில் சொன்னாள். "ரெண்டு வருஷமா சொல்றேன் டாக்டர். பல் டாக்டர்னா இவருக்குப் பயம்."

அப்போதுதான் டாக்டர் சிரித்தார்.

சாவு இல்லை, பல் பிடுங்க வேண்டும். இவ்வளவுதான். என் பேருக்கு ஓர் அர்ச்சனைகூட இல்லை, நட்சத்திரம் இல்லாதவனுக்கு எந்தப் பாலிசியும் அமலில் இல்லை, ஆனாலும் கிடைத்துவிட்டது. அதனால் கடவுள் இல்லை என்றாகிவிடுமா? தெம்பனிஸ் மூலை வீடு இடிக்கிறது. இருக்கிறார் என்றால், என் தில்லுமுல்லையும் பார்த்துவிட்டுத்தானே விட்டிருக்கிறார்? இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நம்பிக்கை பத்திரமான பந்தயமா என்று யாராவது கேட்டால், பத்திரம் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்பேன். அந்த இரண்டு வாரத்தைப் போல் நான் என்றும் நடுங்கியதில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் மனைவி கொஞ்சம் அழுதாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னை நன்றாகத் திட்டினாள். எதிரே நின்ற சீனக் கிழவி எங்களை ஆவலாகப் பார்த்தாள். திட்டு ஓய்ந்ததும் மெல்லக் கேட்டேன்.

"நீ வேண்டிக்கிட்டியா?"

"பின்ன?"

"என்னன்னு?"

"அது எனக்கும் அவளுக்கும்."

"சும்மா சொல்லு."

பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு கேட்டேன். உங்களுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. அப்புறம், ஒண்ணும் இல்லன்னு ஆயிட்டா, இதை வச்சு நீங்க ஊரெல்லாம் கதை அளக்கக் கூடாது."

அவள் கேட்டதில் ஒன்றுதான் நடந்தது.